தேள் கடித்ததால் லீவு: குப்பையில் கிடைத்த வரலாறு

"உலக வரலாற்றின் வெவ்வேறு காலங்களிலிருந்து, பள்ளிப் பாடத்தில் வராத சுவாரசியமான தகவல்கள் சொல்லுங்களேன்" என்பது கேள்வி. இப்படிக் கேட்டால் வழக்கமாக வரும் பதில்கள் எனக்கும் மனப்பாடம். பிரமிடு கட்டிய காலத்தைவிட நிலவில் கால் வைத்த காலம்தான் கிளியோபாட்ராவுக்குக் கிட்டம், நெப்போலியன் ஒன்றும் அவ்வளவு குள்ளமில்லை, இந்த வகை. தப்பில்லை. ஆனால் அவையெல்லாம் "அட!" என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே மறந்துபோகிற சரக்கு. எனக்குப் பிடித்தது வேறு சரக்கு, பெரும்பாலும் குப்பையில் கிடைத்தது.

எங்கள் வீட்டில் தாத்தா ஒரு கம்பி வைத்திருந்தார். அடியில் வட்டமாக ஒரு மரக்கட்டை, மேலே கொக்கி மாதிரி வளைந்த கம்பி, வருகிற கடிதம், ரசீது, கரண்ட் பில் எல்லாம் அதில் குத்தப்படும். 1960களிலிருந்து குத்தியது. வீடு மாறியபோது மொத்தமும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விட்டது, அப்போது யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகை, பட்டம் வாங்கிய போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. தாத்தா யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினார், எந்த அத்தை யாரோடு பேசாமல் இருந்தார் என்பதெல்லாம் அந்தக் கம்பியோடு போயிற்று. உலக வரலாற்றிலும் இதே கதைதான். ராஜா கல்வெட்டு வெட்டும்போது பின்னால் வருகிறவர்கள் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் வெட்டுகிறார், அதனால் அதில் அவர் தோற்ற போர் இருக்காது. குப்பையில் போட்ட சீட்டுக்கு அந்தப் பாசாங்கு கிடையாது. எங்கோ சில இடங்களில் மட்டும், மண்ணின் குணத்தாலோ மனிதர்களின் விசித்திரமான பழக்கத்தாலோ, பேப்பர்காரர் வராமலே போய்விட்டார். அப்படிச் சில இடங்களைச் சொல்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தேர் எல்-மதீனா. எகிப்தில், இன்றைய லக்சருக்கு எதிர்க்கரையில், மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்து சித்திரம் தீட்டிய தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். மேடான வறண்ட இடம், குடிக்கிற தண்ணீரையே கழுதை மேல் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் தண்ணீருக்காகத் தோண்டியது என்று கருதப்படும் ஒரு பெரிய குழி இருக்கிறது, சுமார் 50 மீட்டர் ஆழம், தண்ணீர் மட்டும் வரவில்லை. பிறகு அது ஊருக்குக் குப்பைக்குழி ஆயிற்று. உடைந்த பானை ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் எழுதிய கணக்கு, கடிதம், சண்டை என்று ஆயிரக்கணக்கில் அதிலிருந்து எடுத்திருக்கிறார்கள். சில்லுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதால் துணி வெளுக்கப் போட்ட கணக்கைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊர்க்காரர்களின் வருகைப் பதிவேடு ஒன்று இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 3,200 வருஷத்துக்கு மேல் பழையது. ஒரு பெரிய கல் பலகையில் 40 தொழிலாளர்களின் பெயர், ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் வராத நாட்கள் கறுப்பு மையில், வராத காரணம் அதற்கு மேலே சிவப்பு மையில். மேஸ்திரி யாரோ நல்ல ஒழுங்கான ஆள். காரணங்கள்தான் அழகு. உடம்பு சரியில்லை என்பது நூற்றுக்கும் மேல் வருகிறது, அது எந்த ஆபீசிலும் சகஜம். கண் வலி. தேள் கடித்துவிட்டது. பீர் காய்ச்ச வேண்டியிருந்தது (அங்கே அது வீட்டு வேலை, திருவிழாவுக்குப் படையலும்கூட). இறந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யப் போனான். மேலதிகாரியின் சொந்த வேலையாகப் போனான், இது எந்தக் காலத்திலும் ஒழியாது போலிருக்கிறது. அப்புறம் மனைவிக்கோ மகளுக்கோ தீட்டு என்று சில பேர் லீவு போட்டிருக்கிறார்கள். அதற்கு ஆம்பிளை ஏன் வீட்டில் இருக்க வேண்டும், சமையலைப் பார்க்கவா, அல்லது புனிதமான கல்லறைக்குள் போகக்கூடாது என்றா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இரண்டில் எது என்று யூகிப்பது கஷ்டமில்லை என்றாலும், நம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எகிப்தைப் பார்ப்பதும் ஆபத்துதான்.

இதே ஊரில் ஏறத்தாழ எண்பது வருஷம் கழித்து, கி.மு. 1157 வாக்கில், மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில், எழுத்தில் பதிவான உலகின் முதல் வேலைநிறுத்தம் நடந்தது. சம்பளம் என்பது தானியம்தான், ரொட்டிக்குக் கோதுமை வகை, பீருக்கு பார்லி. அது வரவில்லை. பதினெட்டு நாள் தாண்டியும் வராததால் கருவிகளைப் போட்டுவிட்டு, காவல் சுவர்களைக் கடந்து, ஒரு பழைய ராஜாவின் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அமென்நக்த் என்கிற எழுத்தர் அதையெல்லாம் எழுதி வைத்தார், அந்தப் பாப்பிரஸ் (நாணல் தாள்) இப்போது இத்தாலியில் தூரின் மியூசியத்தில் இருக்கிறது. "பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது. துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை. எங்கள் ராஜாவுக்குச் சொல்லி அனுப்புங்கள்" என்பது அவர்கள் சொன்னதன் சாரம். கடைசியில் போன மாதப் பாக்கியைக் கொடுத்தார்கள். அடுத்த மாதங்களில் மறுபடி பாக்கி, மறுபடி போய் உட்கார்ந்தார்கள். இவ்வளவும் நடந்த இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில்தான் அதே மூன்றாம் ராம்செஸ், கடல்வழி வந்த எதிரிகளையெல்லாம் நசுக்கினேன் என்று மெதினெத் ஹபு கோயில் சுவர் முழுக்கச் செதுக்கி வைத்திருக்கிறார். அந்தச் சுவரை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் நாடு செழிப்பாக இருந்தது என்றுதான் தோன்றும்.

எயா-நாசிர் கதை இணையத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாக. கி.மு. 1750 வாக்கில் மெசபொடேமியாவில் (இன்றைய இராக்) 'ஊர்' என்றே பெயர் கொண்ட நகரத்தில் செம்பு வியாபாரி. நன்னி என்கிற வாடிக்கையாளர், மட்டமான செம்பைக் காட்டி "வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் போ" என்று என் ஆளிடம் சொன்னாயாமே, எதிரி நாட்டு வழியாக அனுப்பிய என் ஆளை வெறுங்கையோடு திருப்பினாயே என்று களிமண் பலகையில் திட்டி எழுதியிருக்கிறார். இதில் பலரும் கவனிக்காதது என்னவென்றால், அது அவர் வீடு என்று கருதப்படும் இடத்திலேயே, வேறு சிலர் எழுதிய புகார்களோடு சேர்ந்து கிடைத்தது. அதாவது மனிதர் புகார்க் கடிதங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார், தாத்தாவின் கம்பி மாதிரி.

சரி, மறுபடி எகிப்து, ஆனால் கிரேக்க மொழி பேசிய ரோமானியக் கால எகிப்து. ஆக்ஸிரிங்கஸ் என்ற சாதாரண ஊர். அலெக்சாண்ட்ரியாவோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. ஊர்க்காரர்கள் பல நூற்றாண்டுகளாகக் குப்பையை ஊருக்கு வெளியே மணலில் கொட்டினார்கள், அங்கே மழையும் கிடையாது, நைல் வெள்ளமும் எட்டாது, அதனால் ஒன்றும் மக்கவில்லை. கிரென்ஃபெல், ஹண்ட் என்று ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் 1896 இறுதியில் அங்கே போய்த் தோண்ட ஆரம்பித்தார்கள். சுமார் ஐந்து லட்சம் துண்டுகள் வந்தன, நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகியும் ஒரு சிறு பகுதியைத்தான் படித்து வெளியிட முடிந்திருக்கிறது. காணாமல் போன கிரேக்க நாடகங்களும் கவிதைகளும் அதில் உண்டு, அறிஞர்கள் அதற்காகத்தான் அலைந்தார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது தெயோன் என்ற பையன், அதே பெயருள்ள அப்பாவுக்கு எழுதியது. அப்பா இவனை ஏமாற்றிவிட்டு வெளியூர் போய்விட்டார். "ரொம்ப நல்ல காரியம் செய்தீர்கள், என்னை விட்டுவிட்டுப் போனீர்களே! அலெக்சாண்ட்ரியாவுக்குக் கூட்டிப்போகாவிட்டால் உங்களுக்குக் கடிதம் எழுத மாட்டேன், பேச மாட்டேன், வணக்கம்கூடச் சொல்ல மாட்டேன்" என்று போகிறது. யாழ் ஒன்று அனுப்பவில்லையென்றால் "சாப்பிட மாட்டேன், குடிக்க மாட்டேன், அவ்வளவுதான்" என்று முடிக்கிறான். கிரேக்க எழுத்துப்பிழைகள் தாராளம். அம்மா வேறு "இவன் என்னைப் பைத்தியமாக்குகிறான், யாராவது கூட்டிப்போங்கள்" என்று யாரிடமோ புலம்பியதையும் இவனே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறான்.

அதே குவியலில் கி.பி. 267ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்று. சிறுவர் மல்யுத்தப் போட்டி, இறுதிச் சுற்றுக்கு இரண்டு பையன்கள், நிகான்டினூஸ், டெமெட்ரியோஸ். டெமெட்ரியோஸ் மூன்று முறை விழுந்து தோற்றுக்கொடுக்க வேண்டும், அதற்கு 3,800 திராக்மா. எதிராளி பையனின் அப்பாதான் ஏற்பாடு. மேட்ச் ஃபிக்சிங் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை, அதை எழுத்தில் போட்டுக்கொண்டார்களே, அங்கேதான் வாயைப் பிளந்தேன்! நடுவர்கள் கண்டுபிடித்துப் பரிசை நிறுத்தினால் பையன் மேல் வழக்கு போடக்கூடாது, சொன்னபடி தோற்காமல் ஏமாற்றினால் மூன்று தாலந்து அபராதம் என்று விதிகள் வேறு. எந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

காய்ந்த மணல் காப்பாற்றியது இது. நேர் எதிராக, சொதசொதவென்ற ஈரமும் காப்பாற்றும், காற்றே புகாத ஈரமாக இருந்தால். இங்கிலாந்தின் வடக்கே, பிற்பாடு ஹேட்ரியன் சுவர் எழுந்த எல்லைக்குப் பக்கத்தில் விண்டொலாண்டா என்ற ரோமானியப் படைமுகாம். கி.பி. 100 வாக்கில் அங்கிருந்தவர்கள் மெல்லிய மரச்சீவலில் மையால் எழுதினார்கள், தபால் அட்டை அளவுதான். படை இடம் மாறியபோது பழைய கடிதங்களைக் குவித்துத் தீ வைத்திருக்கிறார்கள், மழை வந்து அணைத்துவிட்டது என்று சொல்கிறார்கள். 1973இல் ராபின் பிர்லி என்ற தொல்லியலாளர் இவற்றில் முதலாவதை வெளியே எடுத்தார். ஒரு கடிதத்தில் காலுறை, இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு ஜட்டி அனுப்பியிருப்பதாகத் தகவல். இன்னொன்றில் மாஸ்க்லுஸ் என்ற குதிரைப்படை அதிகாரி, நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவு கேட்டுவிட்டு, கடைசியில் "பையன்களிடம் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள்" என்கிறார். ஆக்டேவியுஸ் என்ற வியாபாரி, தானியத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன், 500 தினாரியஸாவது அனுப்பாவிட்டால் கொடுத்த முன்பணமும் போகும் மானமும் போகும் என்று கெஞ்சுகிறார். தோல் எடுக்க வண்டி போகவில்லையாம், ரோடு மோசமாம். கிளாடியா செவெரா என்ற அதிகாரியின் மனைவி, இன்னொரு அதிகாரியின் மனைவி சுல்பிசியா லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறார், செப்டம்பர் 11. அழைப்பை எழுத்தர் அழகாக எழுத, கீழே அவரே தன் கோணல் எழுத்தில் "உன்னை எதிர்பார்ப்பேன், சகோதரி" என்று சேர்த்திருக்கிறார். ஒரு பெண் தன் கையால் லத்தீனில் எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று அந்த இரண்டு மூன்று வரி.

ரஷ்யாவின் நோவ்கொரொதிலும் ஈர மண்தான். சேறான ஊர் என்பதால் தெருவுக்கு மரத்தடிகளைப் பாவுவார்கள், அது சேற்றில் அமிழ்ந்ததும் மேலே இன்னொரு அடுக்கு, ஒரு தெருவில் இப்படி 28 அடுக்கு எண்ணியிருக்கிறார்கள். இடையில் விழுந்ததெல்லாம் அப்படியே இருந்தது. 1951 ஜூலை 26 அன்று நீனா அகூலோவா என்ற அகழாய்வுத் தொழிலாளி ஒரு பூர்ச்சமரப் பட்டைச் சுருளில் ஏதோ கீறியிருப்பதைப் பார்த்தார். இன்றைக்கு ஆயிரத்து நூறுக்கும் மேல் அந்தச் சுருள்கள் சேர்ந்துவிட்டன, ஊர்க்காரர்கள் ஜூலை 26ஐ இன்னும் கொண்டாடுகிறார்கள். மிகிதா என்பவர் உல்யானித்சா என்ற பெண்ணுக்கு, "என்னைக் கட்டிக்கொள். எனக்கு உன்னை வேண்டும், உனக்கு என்னை வேண்டும். இதற்குச் சாட்சி இக்னாத்" என்று எழுதியது அதில் ஒன்று. எல்லோருக்கும் செல்லப்பிள்ளை ஒன்ஃபிம். 13ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆறேழு வயது இருக்கலாம், எழுத்துப் பழகிய பட்டைகள். நாலு எழுத்து எழுதுவதற்குள் சலித்துப்போய்ப் படம் போட ஆரம்பித்துவிடுகிறான். குதிரை மேல் ஒரு வீரன், எதிரியை ஈட்டியால் குத்துகிறான், வீரனுக்குப் பக்கத்தில் தன் பெயர். ஒரு விநோத மிருகம், வாயிலிருந்து சுருள் சுருளாக ஏதோ வருகிறது, "நான் ஒரு காட்டு மிருகம்" என்று குறிப்பு. மனிதர்களுக்கு விரல் மூன்றோ நான்கோ, அந்த நேரத்தில் கைக்கு வந்ததுதான். மங்கோலியர்கள் ரஷ்ய நகரங்களைக் கொளுத்திய அதே தலைமுறையில்தான் இந்தப் பையன் வீட்டுப்பாடத்தை ஏமாற்றிக்கொண்டிருந்தான்.

அடுத்து வருகிறவர் மனதை விட்டுப் போக மாட்டார். சீனாவின் மேற்கு எல்லையில் துன்ஹுவாங்குக்கு மேற்கே, ஓர் இடிந்த காவல் கோபுரத்தில் 1907இல் ஆரெல் ஸ்டைன் என்ற தொல்லியலாளர் ஒரு தபால் கட்டைக் கண்டெடுத்தார். சாமர்கண்ட் பக்கத்து சோக்தியர்கள், பட்டுப்பாதையின் வியாபாரிகள், கி.பி. 313 வாக்கில் எழுதிய கடிதங்கள். போய்ச் சேரவேயில்லை. அதில் இரண்டு மிவ்னாய் என்ற பெண்ணுடையவை. கணவன் நனைதாத் பேச்சைக் கேட்டு, அம்மாவும் அண்ணன்களும் தடுத்தும் கேட்காமல், மகளோடு துன்ஹுவாங்குக்கு வந்தார். அவன் விட்டுவிட்டுப் போய் மூன்று வருஷமாகிறது, கையில் காசில்லை. ஊர்ப் பெரியவரிடம் போனார், கணவனின் உறவுக்காரரிடம் போனார், எல்லோரும் கையை விரித்தார்கள். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் கோயில் பூசாரி ஒருவர் மட்டும் ஒட்டகமும் துணைக்கு ஆளும் தருவதாகச் சொன்னதை எழுதுகிறார். கணவனுக்கு எழுதியதில் முதலில் மண்டியிட்டு வணங்குவதாக மரியாதையெல்லாம் சரியாக இருக்கிறது. போகப் போக எழுத்து கொதிக்கிறது. உன் சொல்லைக் கேட்ட அன்றைக்குத் தெய்வங்கள் என் மேல் கோபமாக இருந்திருக்க வேண்டும், "உனக்குப் பெண்டாட்டியாக இருப்பதற்கு நாய்க்கோ பன்றிக்கோ பெண்டாட்டியாக இருக்கலாம்" என்று முடிக்கிறார். ஓரத்தில் மகள் ஷாயின் சேர்த்த சில வரிகள்: கடன் வாங்கிய ஒருவன் ஓடிப்போய்விட்டான், அவன் கடனுக்காக அம்மாவும் நானும் சீனர்களிடம் வேலைக்காரிகளாகிவிட்டோம். அதே கட்டில் இன்னொரு கடிதம், தலைநகர் லுவோயாங் எரிந்தது, சக்கரவர்த்தி பஞ்சத்துக்குப் பயந்து ஓடினார் என்று சொல்கிறது. அது ஒரு பேரரசு சரிந்த செய்தி, வரலாற்றாசிரியர்களுக்குப் பொக்கிஷம். ஆனால் நான் அந்தக் கட்டைப் பற்றிப் படித்ததில் பேரரசு மறந்துவிட்டது, மிவ்னாய் மறக்கவில்லை.

அதே துன்ஹுவாங்கில், 11ஆம் நூற்றாண்டு ஆரம்பத்தில் மூடிவிட்ட குகை ஒன்று 1900இல் திறந்தது. தேதி அச்சான மிகப் பழைய அச்சுநூல், 868ஆம் ஆண்டு வஜ்ரசேதிகா சூத்திரம் என்ற பௌத்த நூல், அங்கே கிடைத்ததுதான். அது புகழ்பெற்றது. அதே குகையில் 856ஆம் ஆண்டு மாதிரிக் கடிதம் ஒன்றும் இருந்தது, விருந்தில் அளவுக்கு மீறிக் குடித்துக் கூத்தடித்தவர்கள் மறுநாள் மன்னிப்புக் கேட்பதற்கு. நேற்று என்ன பேசினேன் என்றே தெரியவில்லை, காலையில் மற்றவர்கள் சொன்னபோது பூமிக்குள் புதைந்துபோகலாம் போல் இருந்தது என்று எழுதியிருக்கும், பெயரை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மாதிரியே தயாராக வைக்கிற அளவுக்கு அது அடிக்கடி தேவைப்பட்டிருக்கிறது!

கெய்ரோவில் மண்ணோ மணலோ வேலை செய்யவில்லை, மதநம்பிக்கை வேலை செய்தது. இறைவன் பெயர் எழுதிய தாளை யூதர்கள் கிழித்துப் போடக்கூடாது. கடிதத்தை இறைவன் பெயரோடு ஆரம்பிப்பது வழக்கம் என்பதால் பழைய ஃபுஸ்தாத் நகரத்துப் பென் எஸ்ரா ஜெபாலயத்தில், எழுத்துள்ள எதையும் ஓர் அறைக்குள் போட்டு வைத்தார்கள், கல்யாண ஒப்பந்தம், கடை பில், குழந்தைகளின் எழுத்துப்பயிற்சி உட்பட. தோராயமாக ஆயிரம் வருஷம். 1896 கடைசியில் கேம்பிரிட்ஜின் சாலமன் ஷெக்டர் போய், தூசியில் மூச்சுத் திணறி, 1,90,000க்கு மேல் துண்டுகளை எடுத்து வந்தார். மொத்தம் நாலு லட்சம் இருக்கும் என்கிறார்கள்.

இதில் இந்தியக் கடிதங்கள் தனி உலகம். ஆபிரகாம் பென் யிஜூ, துனிசியாவில் பிறந்த யூத வியாபாரி, 1130களிலிருந்து மங்களூரில் குடியிருந்து மிளகு, ஏலக்காய், இரும்பு ஏற்றுமதி செய்தார், பித்தளைப் பட்டறையும் வைத்திருந்தார். ஏடனிலிருந்து ஓட்டைப் பாத்திரங்கள் வரும், இவர் உருக்கிப் புதிதாகச் செய்து அனுப்புவார். ஆஷு என்ற அடிமைப் பெண்ணை 1132 அக்டோபரில் விடுதலை செய்த பத்திரம் இருக்கிறது, அவரையே மணந்து பிள்ளை பெற்றார் என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஏடன் நண்பர்கள் சர்க்கரை, உலர்திராட்சை, முக்கியமாகக் காகிதம் அனுப்புவார்கள், மேற்குக் கரையில் அப்போது காகிதம் கிடைக்காது, இங்கே எல்லாம் ஓலைதான். அதனால் பென் யிஜூ வந்த கடிதத்தின் பின்பக்கத்தையெல்லாம் வீணாக்காமல் கணக்கு எழுதினார். ஏலக்காய்க்கு முன்பணம் வாங்கிய உள்ளூர் ஆள் ஒருவர் சரக்கைக் கொடுக்காமல் இழுத்தடித்ததற்கு மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து. அவர் 1149இல் கிளம்பி ஏடன் போய், கடைசியில் எகிப்து சேர்ந்தார், காகிதங்களும் கூடவே போனதால்தான் இவ்வளவும் தெரிகிறது. மங்களூரிலேயே விட்டிருந்தால் கரையான் தின்றிருக்கும்.

இது நம்மையும் தொடுகிற இடம். சங்க காலத்து வியாபாரி ஒருவரின் கணக்கு ஓலைகூட நமக்குக் கிடைக்கவில்லை, இந்தப் புழுக்கத்தில் ஓலை சில நூறு வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம், அதைப் படியெடுத்துப் படியெடுத்துத்தான் இலக்கியம் தப்பியது. கணக்கை யார் படியெடுப்பார்கள்? பானை ஓட்டில் கீறியது மட்டும் மிஞ்சியது. அதிலும் சில எகிப்தில். செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில், இந்தியாவில் செய்த பானையின் துண்டு ஒன்று கிடைத்தது, அதில் தமிழ்பிராமி எழுத்து, கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைக் கி.மு. முதல் நூற்றாண்டு அளவிலானது என்றார். "பானை ஒறி" என்று படித்தார்கள், ஒறி என்றால் உறி, நம் பாட்டி வீட்டில் பூனைக்கு எட்டாமல் தயிர்ப்பானை தொங்கிய அதே உறி. அங்கேயே கணன், சாதன் என்று பெயர் கீறிய ஓடுகளும் உண்டு. இன்னும் தெற்கே பெரெனிகே துறைமுகத்துக் கோயில் முற்றத்தில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போவதை அகநானூறு பாடியிருக்கிறது, அந்த மிளகு எங்கே இறங்கியது என்பதை எகிப்து மணல் காட்டுகிறது.

கடைசியாக ஒன்று, இதில் மணலும் இல்லை, மண்ணும் இல்லை, அரசாங்க ஆபீஸ்தான். 1758 ஏப்ரலில், ஏழாண்டுப் போர் நடந்தபோது, போர்தோவிலிருந்து கியூபெக்குக்குப் போய்க்கொண்டிருந்த கலாத்தே என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பிரிட்டிஷார் பிடித்தார்கள். மாலுமிகளுக்குக் குடும்பத்தார் எழுதிய நூற்றுச் சொச்சம் கடிதங்கள் ஒவ்வொரு துறைமுகமாகக் கப்பலைத் துரத்திப் போய், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தாமதமாகிக் கப்பலைத் தவறவிட்டன. கப்பல் பிடிபட்டதும் பிரெஞ்சுத் தபால்துறை அவற்றை இங்கிலாந்துக்கே அனுப்பிவிட்டது. அங்கே நாடா கட்டிய மூன்று கட்டாக லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. ரெனோ மோரியே என்ற கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர் சும்மா ஆர்வத்தில் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அனுமதி பெற்றுப் பிரித்துப் படித்து, 2023இல் வெளியிட்டார்.

முதல் லெப்டினன்ட் லூயிக்கு மனைவி மரி எழுதியது: இரவெல்லாம் உனக்கு எழுதிக்கொண்டே இருக்கலாம், மணி பன்னிரண்டாகிவிட்டது, தூங்கப் போகிறேன். அந்தப் பெண் அடுத்த வருஷம் இறந்துபோனார், லூயி விடுதலையாவதற்கு முன்பாகவே இருக்க வேண்டும் என்கிறார்கள்.

நிக்கோலா கெனெல் என்ற இளம் மாலுமிக்கு 61 வயது அம்மா மார்கரித் ஜனவரியில் ஒரு கடிதம் எழுதச் சொல்லி அனுப்புகிறார் (அவருக்கு எழுதத் தெரிந்திருக்காது போலிருக்கிறது). புது வருஷப் பிறப்புக்கு உனக்கு நிச்சயமான பெண்ணுக்குக் கடிதம் போட்டிருக்கிறாய், எனக்கு இல்லை. நீ என்னை நினைப்பதைவிட நான் உன்னை அதிகம் நினைக்கிறேன். நான் சாகப்போகிறேன் என்று நினைக்கிறேன், மூன்று வாரமாக உடம்பு சரியில்லை. உன் சிநேகிதன் வாரினுக்கு என் வணக்கம் சொல், அவன் பெண்டாட்டி சொல்லித்தான் உன் சேதி எனக்குத் தெரிகிறது. சில வாரம் கழித்து அந்த நிச்சயமான பெண் மரியான், அம்மாவுக்கு எழுதிவிடு, என்னை இதில் மாட்டிவிடாதே என்கிற ரீதியில் எழுத, அவன் எழுதிவிட்டான் போலிருக்கிறது, "கருமேகம் கலைந்தது, உன் அம்மாவுக்குக் கடிதம் வந்ததும் வீடு லேசாகிவிட்டது" என்று அவளிடமிருந்தே தகவல். தீர்ந்ததா என்றால் இல்லை. மார்ச்சில் அம்மா மறுபடி: உன் கடிதத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, எனக்கு ரொம்ப வருத்தம், அடுத்த முறை மறக்காதே. மோரியே தேடிப் பார்த்ததில் அந்த அப்பா, அம்மாவின் இரண்டாவது கணவர், பையனுக்கு மாற்றாந்தந்தை. நிக்கோலா சிறையிலிருந்து உயிரோடு திரும்பி, 1760களில் அடிமை வியாபாரக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவின் மூக்கைச் சிந்திய கடிதத்தைப் படித்து நாம் உருகிக்கொண்டிருக்கும்போது அதையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் இந்தக் கட்டுகள் வந்திறங்கிய அன்றைக்குக் கடற்படை அதிகாரிகள் இரண்டே இரண்டு கடிதங்களைப் பிரித்துப் பார்த்தார்களாம், எதிரியின் ராணுவ ரகசியம் ஏதாவது இருக்குமா என்று. ஒன்றும் இல்லை, எல்லாம் வெறும் வீட்டு விவகாரம் என்று பார்த்ததும் மிச்சத்தைப் பிரிக்காமலே பெட்டியில் போட்டு மூடிவிட்டார்கள்.